உறையில் இல்லாத குரல்

அந்த ஒலிநாடாவின் உறையில் நான்கு பேர் நின்றார்கள். மூன்று பெண்கள், ஓர் ஆண். ஆணுக்கு மார்பு திறந்த பளபளப்புச் சட்டை; தலையில், அந்நாளில் நாங்கள் ‘சாயிபாபா முடி’ என்று சொல்லிவந்த அடர்ந்த சுருள்முடி. மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா ஒரு டேப் ரெக்கார்டரோடு கொண்டுவந்த மூன்று ஒலிநாடாக்களில் அது ஒன்று. மற்ற இரண்டும் எவை என்பது எங்களில் எவருக்கும் நினைவில்லை. போனி எம் மட்டும், நாகர்கோவிலை அடுத்த எங்கள் கூட்டுக்குடும்ப வீட்டில் ஐந்தாறு ஆண்டுகள் ஓயாமல் சுழன்றது. மூன்று குடும்பங்களின் ஏழு பிள்ளைகள் நாங்கள். எங்களுள் மூத்தவர் பெரியப்பாவின் மகன். அவரே அண்ணன், மற்றவர்கள் அவருடைய படை.

பாட்டின் பொருள் எங்களுக்குத் தெரியாது. ‘ரஸ்புடின்’ ஏதோ ஒரு நடனத்தின் பெயர் என்று நெடுநாள் நம்பியிருந்தோம். ‘மா பேக்கர்’ என்பவள் ரொட்டி சுடும் அம்மாள் என்று அண்ணன் விளக்கம் தந்தார்; பேக்கரி என்ற சொல்தான் ஊரறிந்ததாயிற்றே. முன்னவர் ரஷ்யப் பேரரசரின் குடும்பத்தோடு நெருங்கிப் பழகி 1916-இல் கொல்லப்பட்ட சாமியார் என்பதும், பின்னவர் அமெரிக்காவில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கொள்ளையடித்ததாகச் சொல்லப்பட்ட ஒரு தாய் என்பதும் வெகுகாலம் கழித்துத் தெரியவந்தன. அந்தத் தாயின் உண்மையான பெயர் பார்க்கர்; ஓசை நயம் கருதியே பேக்கர் ஆக்கப்பட்டாள். எதுகைக்காகப் பெயரைத் திருத்தும் உரிமை நம் புலவர்களுக்கு மட்டும் உரியதன்று போலும்!

பொருள் தெரியாதிருந்தும் அப்பாடல்கள் எங்களிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் தாளம் மட்டுமே என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி உண்மையே. அமெரிக்கப் பாடல்களும் சித்தப்பாவின் பெட்டியில் வந்ததுண்டு. அவற்றில் ஒரு சொல்லையும் எங்களால் பிடித்துக்கொள்ள இயலவில்லை. ஐரோப்பியரின் ஆங்கிலமோ வேறு வகை. யூரோவிஷன் போட்டியில் அவரவர் நாட்டு மொழியிலேயே பாடவேண்டும் என்ற விதி 1973-இல் தளர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டே ஸ்வீடனின் அப்பா குழு பிரைட்டன் நகரில் ‘வாட்டர்லூ’வை ஆங்கிலத்தில் பாடி வென்றது. அதற்குப் பின் ஸ்டாக்ஹோமிலிருந்தும் மியூனிக்கிலிருந்தும் மிலானிலிருந்தும் வந்த நடனப் பாடல்களின் ஆங்கிலம், பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் உண்டாக்கியது. சிறு வாக்கியங்கள், திரும்பத் திரும்ப வரும் ஒரு பெயர், வாய் நிறைய உச்சரிக்க இடந்தரும் உயிரெழுத்துகள். இரண்டாம் மொழிக்காரர்கள் இரண்டாம் மொழிக்காரர்களுக்காகச் செய்தவை அவை. மாஸ்கோவிலும் கெய்ரோவிலும் நாகர்கோவிலிலும் அவை ஒரே எளிமையோடு வாயில் புகுந்தது வியப்பன்று. விமர்சகர்கள் இதைத்தான் ஆழமின்மை என்று எழுதினார்கள். அந்த ஆழமின்மையில்தான் எங்களுக்குக் கால் ஊன்றியது.

இன்னொன்று, அவை எந்த ஊருக்கும் உரியவையல்ல. ‘மா பேக்க’ரின் மெட்டு துனிசியாவின் நாட்டுப்பாடல் ஒன்றிலிருந்து பிறந்தது. ‘ரஸ்புடி’னில் துருக்கியின் பழம்பாடல் ஒன்றின் சாயல் உண்டு என்பது பலரும் சொல்லும் செய்தி. ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ நெடும்பயணம் போன பாட்டு. எதிர்வீட்டு உபதேசியார் ஒருநாள் எங்கள் திண்ணையோரம் நின்று கேட்டுவிட்டு, “இது நூற்று முப்பத்தேழாம் சங்கீதமல்லவா?” என்றார். நாங்கள் சங்கீதம் என்றதும் கர்நாடக சங்கீதத்தை நினைத்துச் சிரித்தோம். அவர் வேதாகமத்தைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டிய பிறகு சிரிப்பு நின்றது. நாட்டை இழந்து பாபிலோனுக்குச் சிறையாகப் போன யூதர்களின் புலம்பல் அது. அதை ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழுவினர் 1970-இல் தம் ரஸ்தாஃபாரி நம்பிக்கையின் பாட்டாக்கினர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பாபிலோன் எது என்று விளக்கவேண்டியதில்லை. 1978-இல் செர்மனியிலிருந்து வந்த போனி எம் வடிவமோ அதை நடன அரங்கிற்குக் கொண்டுபோய், பிரிட்டனில் மட்டும் 20 லட்சம் படிகளை ஒட்டி விற்றது. ரஸ்தாஃபாரிகளுக்கே உரிய சொல்லை எடுத்துவிட்டு விவிலியச் சொல்லை மீண்டும் வைத்ததும் அப்போதுதான்.

சிறைப்பட்டோர் அழுகைக்கு இடுப்பை அசைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். ஆயினும் அதில் முன்னின்று பாடும் லிஸ் மிட்செல் ஜமைக்காவில் பிறந்து, சிறுமியாக இங்கிலாந்துக்குப் போய், பிழைப்புக்காகச் செர்மனிக்கு வந்தவர். அந்தக் குரலில் ஒரு கனம் இருக்கிறது. தாளம் எவ்வளவு துள்ளினாலும் அது தரையைவிட்டு எழும்புவதில்லை. தாயகம் இழந்தவர் பாட்டைத் தாயகம் விட்டு வந்த ஒருவர் பாடினார் என்பதை உறையில் எவரும் அச்சிடவில்லை. குரலே அதைச் சொல்லிற்று.

அண்ணனுக்கு லிஸ் மிட்செல் பொருட்டல்ல. அவர் உயிரை வைத்திருந்தது அந்த ஆண்குரலின் மேல். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற, கரகரத்த, சற்றே கேலி கலந்த அடிக்குரல். ‘டாடி கூ’லில் அது ஒலிக்கும்போது அண்ணன் வாயை மட்டும் அசைத்துக் கண்ணாடி முன் நிற்பார். குரல் உடைந்துகொண்டிருந்த வயது. சொந்தத் தொண்டை கீச்சிட்டுக் காட்டிக்கொடுக்கும். உறையில் இருந்த சுருள்முடிக்காரர்தான் அக்குரல் என்பதில் எங்களுக்கு ஐயமே எழவில்லை. முகமும் குரலும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்?

1990-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பள்ளி ஆண்டுவிழா. பத்தாம் வகுப்பிலிருந்த அண்ணன் ‘டாடி கூ’லுக்கு ஆடுவதாகப் பெயர் கொடுத்தார். தேங்காய் நாரைக் கறுப்புச் சாயத்தில் முக்கி முடி தயாரித்தோம். அத்தையின் சரிகைச் சேலை ஒன்று சட்டையாயிற்று (அதற்கு வாங்கிய அடி தனிக்கதை). டேப் ரெக்கார்டரை ஒலிபெருக்கிக்கு அருகே வைத்து இயக்கும் பொறுப்பு எங்களுடையது. முன்னதாக நூறு முறை ஒத்திகை பார்த்து, பென்சில் செருகித் திருகித் திருகி, நாடா ஏற்கெனவே இளகியிருந்தது. அதை நாங்கள் அறிந்திருந்தோம். அண்ணனிடம் சொல்லவில்லை.

முதல் ஒரு நிமிடம் அவர் ஆடியதுபோல் பிறகு எவரும் ஆடி நாங்கள் பார்த்ததில்லை. தலைமையாசிரியரே தாளம் போட்டார். பிறகு நாடா சிக்கியது. ஆண்குரல் ஒரே சொல்லில் இழுபட்டு, நீண்டு, விலங்கின் முனகலாகி நின்றது. அண்ணனின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு கணம்தான், ஆனால் கூடம் முழுவதும் அதைப் பார்த்தது. பிறகு எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் மேடையின் பின்புறம் இறங்கி, நார்முடியோடு இரண்டு மைல் நடந்து வீட்டுக்குப் போனார். அதன்பின் ஆடவில்லை. “நாடா சரியில்லை என்று தெரியும்” என்று நாங்கள் இன்றுவரை அவரிடம் ஒப்புக்கொண்டதுமில்லை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1989 ஜூலையில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு மேடையில் மில்லி வனில்லி என்ற இரட்டையருக்கு இதுவே நேர்ந்திருக்கிறது. ராப் பிலாட்டஸும் ஃபாப் மோர்வனும் ஆடிக்கொண்டிருக்க, ஒலிப்பதிவு ஒரே வரியில் சிக்கித் திரும்பத் திரும்ப ஒலித்தது. ராப் மேடையைவிட்டு ஓடினார். 1990-இல் அவர்களுக்குக் கிராமி விருது கிடைத்தது. அதே நவம்பரில், தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன், தட்டில் ஒலித்த குரல்கள் அவர்களுடையவை அல்ல என்று அறிவித்தார். விருது பறிக்கப்பட்டது. அமெரிக்காவில் ரசிகர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கு மன்றம் ஏறினர். ராப் 1998-இல் ஒரு விடுதி அறையில் இறந்தார்.

போனி எம்மை உண்டாக்கியவரும் அதே ஃபாரியன்தான். 1975-இல் அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தாமே எல்லாக் குரல்களையும் பாடி ஒரு தட்டை வெளியிட்டு, போனி எம் என்று பெயரிட்டார். தட்டு விற்றது, தொலைக்காட்சி ஆளைக் கேட்டது. அதன்பின்தான் ஆட்களைத் தேடினார். லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும் உண்மையிலேயே பாடினர். மான்ட்செராட் தீவிலிருந்து வந்த மெய்சி வில்லியம்ஸ் தட்டுகளில் பாடவில்லை. அரூபா தீவைச் சேர்ந்த, சுருள்முடிக்காரரான பாபி ஃபாரெலும் பாடவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வந்த அடிக்குரல் ஃபாரியனுடையது. 1978-லேயே அவர் இதைச் செர்மானிய இதழ் ஒன்றில் ஒப்புக்கொண்டுமிருந்தார். எங்களுக்குத் தெரிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

2010 டிசம்பர் 30 அன்று பாபி ஃபாரெல் இறந்தார். முந்தைய இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பியவர். நகரம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். ரஸ்புடின் கொல்லப்பட்ட அதே நகரம், அதே டிசம்பர் 30. இந்தப் பொருத்தத்தை உலகம் முழுக்க எழுதினார்கள். எங்களை உலுக்கியது அதுவன்று. அஞ்சலிக் குறிப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் அவர் பாடியவரல்லர் என்பது தெரிந்தது. கண்ணாடி முன் நின்ற அண்ணன் பாபியைப் போலியாகப் பின்பற்றவில்லை. பாபி செய்ததையே செய்தார்: வேறொருவர் குரலுக்குத் தம் உடம்பைக் கொடுத்தார். ஆண்டுவிழாவில் சிரித்த கூடம் எதைப் பார்த்துச் சிரித்தது என்ற கேள்வி அன்று தொடங்கியது.

பிறர் குரலுக்கு வாயசைப்பதை மோசடி என்று நினைக்க நம்மால் இயல்வதில்லை. சௌந்தரராஜன் ஒருவரே எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பாடினார். இருவருக்கும் அது சொந்தக் குரல் என்றே நம் காது கொண்டது, அதே வேளையில் பாடியவர் யார் என்பதும் அந்தக் காதுக்குத் தெரியும். வேறுபாடு பெயரில் இருக்கிறது. நம்மிடமும் அது தொடக்கத்திலேயே அமைந்துவிடவில்லை. ‘மகல்’ (1949) இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் பெயராக அச்சிடப்பட்டிருந்தது லதா மங்கேஷ்கர் அன்று, கதைநாயகியின் பெயரான காமினி. கேட்டவர்கள் யார் என்று விசாரித்த பிறகே உண்மைப் பெயர் வெளிப்பட்டது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களோ பாடியவர் பெயர் கிடைக்காத சில இடங்களில் பாட்டின் தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்பதுபோலச் சூட்டினார்கள். அதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவந்திருக்கிறோம். பெயரின்றி விட அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை.

ஐரோப்பிய நடனப் பாட்டு அந்தப் பெயரைத்தான் மறைத்தது. மில்லி வனில்லிக்குப் பாடிய பிராட் ஹோவெல், ஜான் டேவிஸ் போன்றவர்கள் உறைக்குத் தக்க தோற்றம் இல்லாதவர்கள் என்று கருதப்பட்டனர். இத்தாலியின் பிளாக் பாக்ஸ் குழு, மார்த்தா வாஷ் பாடியவற்றுக்கு மெலிந்த அழகி ஒருத்தியை வாயசைக்கவைத்தது; மார்த்தா வழக்குத் தொடுத்தார். வயதும் உடற்பருமனும் உறையிலிருந்து விலக்கப்பட்டன; குரல் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. எங்கள் பிள்ளைப்பருவத்து மகிழ்ச்சியின் அடியில் இதுவும் இருந்தது என்று அறிந்தபின் அப்பாடல்களை முன்போல் கேட்க முடிகிறதா என்றால், முடிகிறது என்பதே நேர்மையான விடை. சற்று வெட்கத்தோடு முடிகிறது. உரியவர் முகம் ஒட்டாத குரலாக இருந்ததால்தானோ என்னவோ, அதன் கீழே எவரும் தம் உடம்பை நிறுத்த முடிந்தது. தேங்காய்நார் முடியோடு ஒரு பையனும் நிற்க முடிந்தது.

‘ரஸ்புடின்’ 2021-இல் மீண்டும் எழுந்தது. மஜெஸ்டிக் என்னும் பிரிட்டிஷ் இசையமைப்பாளர் அதைப் புதுக்கிக் கொடுக்க, டிக்டாக்கில் உலகெங்கும் ஆடினார்கள். இந்தியாவில் டிக்டாக் அதற்கு முன்பே தடைசெய்யப்பட்டிருந்தது. வேறு வழிகளில் வந்து சேர்ந்தது. அண்ணனின் மகள் கல்லூரி விடுதியில் தோழியரோடு ஆடிய காணொளியைக் குடும்பக் குழுவில் போட்டாள். அண்ணன் இப்போது ஊரில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறார். திருவிழாக்களில் மேடைக்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவே அமர்ந்திருப்பார். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் எதிரிலேயே அதை மூன்றாம் முறையாகப் பார்த்தார். அடிக்குரல் வந்த இடத்தில் அவர் உதடு அசைந்ததுபோல் இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டார்.

“மக்ளே, பாடினது யாருன்னு கீழ எங்கயாவது போட்டிருக்கா?”

அவள் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடத் தொடங்கினாள்.