தொண்டையில் சண்டை, மூளையில் அடி

பத்து வயதுப் பெண் திடீரென்று டம்ளரைக் கீழே போடுகிறாள். கையெழுத்து கோணுகிறது, முகம் சுளிக்கிறது. 'கொழுப்பு' என்று அதட்டுமுன் யோசியுங்கள்: சில மாதம் முன்பு அவளுக்குத் தொண்டை வலித்ததா?

1686-ல் தாமஸ் சைடன்ஹாம் என்ற ஆங்கில டாக்டர் விவரித்த வியாதி. பெயர் கொரியா, கிரேக்க மொழியில் நடனம். குற்றவாளி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா. வேடிக்கை, அது மூளைக்குள் போவதே இல்லை, தொண்டையோடு சரி. அதை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடிகள்தான் வில்லன். பாக்டீரியாவின் மேலுறைக்கும், நம் அசைவுகளை அடக்கியாளும் பேசல் கேங்லியா செல்களுக்கும் கொஞ்சம் ஒரே ஜாடை. திருடனைத் தேடி வந்த போலீஸ், வீட்டுக்காரரைப் போட்டு அடிக்கிற கதை.

1998-ல் அமெரிக்காவின் சூசன் ஸ்வீடோ 50 குழந்தைகளை ஆராய்ந்து, திடீரென்று தொற்றிக்கொள்ளும் கை கழுவும் பித்து போன்றவற்றுக்கும் இதே கிருமி காரணமாகலாம் என்றார். அதில் டாக்டர்களுக்குள் சர்ச்சை ஓயவில்லை. கொரியாவில் சர்ச்சை இல்லை. நடுக்கம் பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கிவிடும்; ஆனால் இதய வால்வையும் பார்த்துவிட வேண்டும். என் வருத்தமெல்லாம், அதற்குள் அந்தக் குழந்தை வாங்கித் தீர்க்கும் திட்டு பற்றித்தான்.

ஸ்ட்ரெப் தொண்டை என்று டாக்டர் 10 நாளைக்குப் பென்சிலின் எழுதினால், மூன்றாம் நாள் வலி போச்சென்று நிறுத்தாதீர்கள். மிச்ச மாத்திரை வெறும் தொண்டைக்காக இல்லை.