திண்ணையில் ஒரு துறைமுகம்

நுழையும்முன்

கடலோடிய மரக்கலங்களுள் அருங்காட்சியகம் சேர்ந்தவை மிகச் சில. விறகானவை மிகப் பல. மறைந்த கலத்தை மீண்டும் கண்முன் நிறுத்தும் வழிகளுள் ஒன்று, அதன் உருவத்தை அளவு பிறழாமல் சிறிதாகச் செய்துவைத்தல். அக்கலையில் ஈடுபட்ட முதிய தச்சர் ஒருவரையும் அவர்தம் பெயர்த்தியையும் இக்கட்டுரை அறிமுகம் செய்கிறது.

கெடிலமும் பரவனாறும் கடலோடு கலக்குமிடத்தில் அமைந்தது கடலூர்த் துறைமுகம். அதனை அடுத்த முதுநகரில், ஒரு பழைய வீட்டின் திண்ணையே 76 வயதுத் தச்சரின் பட்டறை. கதவும் நிலையும் செய்து வாழ்ந்தவர் அவர். முதுமை வந்ததும் உளியைக் கீழே வைத்துவிடவில்லை; அதனினும் சிறிய உளியைக் கையில் எடுத்தார். திண்ணையில் கப்பல்கள் உருவாகத் தொடங்கின.

முதலில் அவர் தேர்ந்தது ஓர் அயல்நாட்டுக் கப்பல். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ‘கிளிப்பர்’ எனப்பட்ட விரைவுப் பாய்க்கப்பல்கள் உலகக் கடல்களை ஆண்டன. ஒடுங்கிய உடல், நீரைக் கிழிக்கும் கூரிய முகப்பு, உயர்ந்த பாய்மரங்களில் அடுக்கடுக்காகப் பாய்கள் ஆகியவை அவற்றின் இலக்கணம். அவ்வகையில் புகழ்பெற்ற ‘கட்டி சார்க்’, ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் கட்டப்பட்டு, 1869 நவம்பர் 22 அன்று நீரில் இறங்கியது. சீனத் தேயிலையை இலண்டனுக்கு விரைந்து சேர்ப்பதே அதன் பணி. ஆனால், அதற்கு ஐந்து நாள் முன்னர்தான் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. நீராவிக் கப்பல்கள் கால்வாய் வழியே குறுக்கே வந்தன. காற்றை நம்பிய கிளிப்பரோ ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தது. தேயிலை வணிகம் சில ஆண்டுகளிலேயே அதனைக் கைவிட்டது.

ஆயினும் அக்கப்பல் அழியவில்லை. இலண்டனின் கிரீனிச் பகுதியில் இன்றும் நிற்கிறது. 2007இல் தீக்கிரையாக இருந்த அதனை மீட்டுச் செப்பனிட்டு, 2012இல் மீண்டும் மக்கள் பார்வைக்குத் திறந்தனர். அதன் அளவுகள் வரைபடங்களாகக் கிடைக்கின்றன. தச்சர் அதனைத் தேர்ந்தமைக்கு அதுவே காரணம்.

அளவின் கணக்கு

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் பயிலும் பெயர்த்தி, விடுமுறை நாள்களில் கடலூர் வருவாள். வரைபடத்தைப் படித்துச் சொல்வது அவள் பங்கு. மரத்தை அதற்குப் பணியவைப்பது தாத்தாவின் பங்கு. ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு என்னும் விகிதத்தை இருவரும் ஏற்றனர். 212 அடி நீளக் கப்பல் இருபத்தாறரை அங்குலமாகச் சுருங்கிற்று. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால், கப்பலில் 96 மில்லிமீட்டர் பிழைத்ததாகும். உண்மைக் கப்பலில் 11 மைல் நீளத்துக்குக் கயிறு உண்டு. மாதிரிக்கு ஏறத்தாழ 184 மீட்டர் நூல் வேண்டியிருந்தது.

அடிமரமாகிய எராவை முதலில் நிறுத்தி, அதன்மேல் விலா எலும்புகளைப் போல வங்குகளைப் பொருத்தினார் தச்சர். தேக்குப் பலகையைத் தீக்குச்சிப் பருமனுக்கு இழைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து ஒட்டினார். நூலில் பிசிர் தெரியாதிருக்கத் தேன்மெழுகு தடவினார். புதுத்துணியின் வெண்மை மறையப் பாய்களைத் தேயிலைச் சாற்றில் நனைத்தார். தேயிலை சுமந்த கப்பலுக்குத் தேயிலையே நிறம் தந்தது.

பதினான்கு மாதங்களில் பணி முடிந்தது. அதனை நெடுநேரம் பார்த்திருந்த பெயர்த்தி கேட்டாள்: “ஏன் தாத்தா, நம் துறைமுகத்துக் கலம் ஒன்றைச் செய்யக் கூடாதா?”

“செய்யலாம் அம்மா. வரைபடம் எங்கே இருக்கிறது?” என்றார் அவர்.

வரையப்படாத கலங்கள்

அந்த வினா அவளை உறங்கவிடவில்லை. தமிழர் கட்டிய கலங்களைத் தேடினாள். இலங்கையின் வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலைப் பற்றி அறிந்தாள். அமெரிக்கர் ஒருவர் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரான ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்பதைச் சூட்டினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதனைச் செலுத்தினர். கிளிப்பர்களின் வாழ்வைக் குறுக்கிய அதே சூயஸ் கால்வாயைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளொசெஸ்டர் துறைமுகத்தை அக்கப்பல் அடைந்தது. அத்தகு கலங்களைக் கட்டிய கைகள் பெரும்பாலும் தாளில் எதையும் வரைந்து வைக்கவில்லை. அளவுகள் தச்சரின் நெஞ்சில் இருந்தன. நெஞ்சு நின்றபோது அவையும் நின்றன.

வரைபடம் இல்லாத கலத்தை உருவாக்கவே இயலாதா? இயலும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. அஜந்தா ஓவியத்தில் காணும் 5ஆம் நூற்றாண்டுக் கப்பலை அடிப்படையாகக் கொண்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய ‘கௌண்டின்யா’ என்னும் கலம் 2025 மே 21 அன்று இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. ஓவியத்தைத் தவிர வேறு வரைபடம் அதற்கில்லை. ஆகவே, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறை, மாதிரி ஒன்றை நீரில் செலுத்தி அதன் இயக்கத்தை ஆராய்ந்து உதவியது. வரைபடம் உள்ள கப்பலுக்கு மாதிரி ஒரு நகல்; வரைபடம் இல்லாத கப்பலுக்கோ மாதிரியே முதல் ஏடு. இதனைப் பெயர்த்தி சொன்னபோது தச்சர் நிமிர்ந்து அமர்ந்தார்.

நினைவை அளத்தல்

தச்சரின் தந்தை கடலூர்த் துறையில் சரக்குத் தோணிகளைப் பழுதுபார்த்தவர். சிறுவனாயிருந்தபோது தச்சரும் உடன் சென்று, பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடைத்துக் கலப்பற்று செய்வதில் உதவியிருக்கிறார். அச்சொல்லே போர்த்துகீசியர் வரவின் சுவடு. தந்தை அடிக்கடி பேசிய ஒரு தோணியைச் செய்வதென்று முடிவாயிற்று. அதன் நீளம் இருபத்தாறு முழம் என்பது மட்டும் அவர் நினைவில் இருந்தது.

பெயர்த்தி கணக்கிட்டாள். முழங்கையிலிருந்து விரல்நுனிவரை உள்ள முழம் 18 அங்குலம். ஆகவே தோணி 39 அடி. விடையைக் கேட்ட தச்சர் மறுத்தார். “அவ்வளவு சிறிய தோணியில் எப்படியம்மா அத்தனை மூட்டை ஏற்றுவார்கள்?” உள்ளே சென்று தந்தையின் முழக்கோலை எடுத்து வந்தார். அளந்து பார்த்தபோது அது 33 அங்குலம் இருந்தது. அதுவே தச்சுமுழம். தோணி எழுபத்தொன்றரை அடியாக நீண்டது. கோல் ஒன்று வீட்டில் எஞ்சியிராவிட்டால், ஒரு சொல்லின் பொருள் மாறி, ஒரு கலம் ஏறத்தாழப் பாதியாய்க் குறுகியிருக்கும்.

பாய்க்கயிறுகளின் அமைப்பு அவருக்குத் தெரியவில்லை. அதனை அறிந்த முதிய கடலோடி ஒருவர் பரங்கிப்பேட்டையில் இருப்பதாகக் கேள்வியுற்று, தேர்வு முடிந்ததும் செல்வதென்று பெயர்த்தி நாள் குறித்தாள். சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை தொலைவில் இல்லை. ஆனால், அவள் சென்று சேர்ந்தபோது அவர் மறைந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. வெறுங்கையுடன் திரும்பியவளிடம், “அறியாததை அறிந்ததுபோல் கட்டக் கூடாது, அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்” என்றார் தாத்தா.

தோணி இப்போது திண்ணையில் நிற்கிறது. உடல் முழுமை, பாய்மரம் முழுமை, கயிறுகள் மட்டும் இல்லை. ஒரு மாலை, அவ்வழியே சென்ற முன்னாள் துறைமுகத் தொழிலாளி ஒருவர் நின்று பார்த்தார். கயிறுகளைப் பற்றி எவரேனும் முன்பு கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திராது. கலம் கண்முன் நின்றபோதோ, அவர் கை தானாகவே பாய்மரத்தின் நுனிக்குச் சென்றது.

“இங்கிருந்து ஒரு கயிறு பின்பக்கம் போகுமே, அது எங்கே?” என்று அவர் கேட்டார்.

பெயர்த்தி எழுதுகோலைத் தேடி உள்ளே ஓடினாள்.