மதுரையில் ஒரு நாள் அயலூராராய்

மதுரைக்கு அருகில் வாழ்பவர் மதுரையைக் காண்பது அரிது. மருத்துவமனைக்கும் துணிக்கடைக்கும் பேராயர் இல்லத்துக்கும் வருகிறோம். வந்த வேலை முடிந்ததும் பேருந்து ஏறிவிடுகிறோம். அண்மையில் ஒரு சனிக்கிழமை, எம் பங்கைச் சேர்ந்த நான்கு குடும்பத்தாருடன், வேலை ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் அயலூராரைப்போல் அந்நகரைச் சுற்றிவரப் புறப்பட்டோம்.

காலை ஒன்பது மணிக்குத் திருமலை நாயக்கர் மகாலுள் நுழைந்தோம். தூண்களை அண்ணாந்து பார்த்த சிறுவன் ஒருவன், “சாமி, நம்ம கோவிலைத் தூக்கி இதுக்குள்ளே வச்சிரலாமா?” என்றான். கோபுரத்தோடு வைக்க இயலாது. ஏனையவற்றுக்கு இடம் உண்டு. 1636இல் எழுப்பப்பெற்ற இவ்வரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது நான்கில் ஒரு பங்கே என்பர். பெரும்பகுதியைப் பகைவர் அழிக்கவில்லை. மன்னரின் பேரர் சொக்கநாத நாயக்கரே, திருச்சிராப்பள்ளியில் தமக்கொரு மாளிகை அமைப்பதற்காக, பாட்டனாரின் மாளிகையைப் பிரித்தெடுத்துச் சென்றார்! சிதைந்து கிடந்த மிச்சத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு செப்பனிட்டார். பின்னர் நெடுங்காலம் நீதிமன்றங்கள் இங்கே நடைபெற்றன.

தத்துவ போதகர் என்று நாம் போற்றும் இராபர்ட் தெ நொபிலி அடிகள் 1606இல் மதுரை வந்தபோது இம்மாளிகை இல்லை. கோட்டையும் அகழியும் இருந்தன. காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்ற அவர் நடமாடிய கோட்டை நகரை இன்று தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் தெருப்பெயர்களே. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்க்கு அவ்விடத்தையே மனையாகத் தர முன்வந்தார். பிறகென்ன, கோட்டை கரைந்தது. நில அளவையாளர் மாரட்டும், பணியை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியும் தெருப்பெயர்களாய் நிலைபெற்றனர். துரையின் நினைவாக நாட்டப்பெற்றதே விளக்குத்தூண். நெருக்கடியில் திணறிய நகருக்கு இடம் தேவைப்பட்டதென்பது உண்மை. அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சி நிற்கும் கொத்தளத்தை மட்டும் இன்னும் சற்று மரியாதையோடு பேணலாம்.

விளக்குத்தூண் அருகே ஜிகர்தண்டா அருந்தியதை எழுதாவிடில் பிள்ளைகள் எம்மை மன்னிக்க மாட்டார்கள்.

நண்பகலில் வண்டியூர்த் தெப்பக்குளத்தருகே நிழல் தேடி அமர்ந்து, கொண்டுசென்ற புளிச்சோற்றை உண்டோம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே இக்குளமாயிற்று என்பது வழிவழியாக வரும் செய்தி. பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டுவிடாமல், 1645இல் நடுவே மைய மண்டபத்தோடு அழகுறத் திருத்திய அந்த மனம் எமக்குப் பிடித்திருந்தது.

வெயில் தாழ்ந்தபின் வேன் மேலூர்ச் சாலையில் சென்றது. ஒத்தக்கடையில் யானைமலை இடப்புறம் படுத்திருந்தது. அதற்கப்பால் வயல்கள், 1895இல் திறக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீரால் செழித்த நிலம். அவற்றினிடையே குன்றுகள் சூழ அமைந்துள்ளது அரிட்டாபட்டி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்தும், சமணத் திருமேனியும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோவிலும் ஒரே ஊரில் உள்ளன. பாறைகளில் சுனைகள், வானில் வல்லூறுகள். 2022 நவம்பரில், தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக இப்பகுதியை அரசு அறிவித்தது.

ஈராண்டு கழித்து, 2024 நவம்பரில், இவ்வூரையும் உள்ளடக்கிய ஏறத்தாழ ஐயாயிரம் ஏக்கரில் டங்ஸ்டன் கனிமம் தோண்டும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஊர்கள் கிளர்ந்தெழுந்தன. டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 7ஆம் நாள் உழவர்கள் ஆயிரக்கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஊர்வலமாய் வந்தனர். அம்மாதம் 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை இரத்து செய்தது.

சுனையைக் காட்ட வந்த பெரியவரிடம், “ஊர்வலத்துக்கு நீங்களும் போனீர்களா ஐயா?” என்று வினவினோம். “நான் மட்டுமா சாமி? மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டோடு போனோம்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் எம்மைப் பார்க்கவில்லை; மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்ல விரும்பும் குடும்பத்தார் குடிநீரைக் கையோடு கொண்டு செல்க. மாலை ஐந்தரைக்குள் இறங்கிவிடுவது நலம். பாறையில் ஏற்கெனவே பெயர் பொறித்தோர் பலர் உளர். எம்மோடு வந்த இளைஞன் ஒருவனும் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பாறையை நெருங்கினான். அவன் தாய் ஒன்றும் பேசாமல் சாவியைப் பிடுங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார். வீடு சேரும்வரை திருப்பித் தரவில்லை.