நாலு செகண்ட் வேலை

ஒரு எம்பெடட் போர்டுக்கு மின்சாரம் கொடுத்ததும் லினக்ஸ் நேரடியாக ஓட ஆரம்பித்துவிடாது. முதலில் சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் குட்டி நிரல் ஒன்று விழிக்கும். அது பூட்லோடரை எழுப்பும். பூட்லோடர் கெர்னலை எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவந்து மெமரியில் வைத்து, "இனி உன் பாடு" என்று ஒதுங்கிக்கொள்ளும். அது உட்கார்ந்திருந்த இடமும் அதன்பின் கெர்னலுக்கே சொந்தம். கல்யாண மண்டபத்தில் விடிவதற்கு முன்னால் வந்து அடுப்பு மூட்டிவிட்டுப் போகிற ஆள் மாதிரி. பந்தியில் உட்காருகிற யாரும் அவரைப் பார்ப்பதில்லை.

எங்கள் தொழிலில் பூட்லோடர் என்றாலே பெரும்பாலும் யூ-பூட்தான். வுல்ஃப்காங் டெங்க் என்ற ஜெர்மானியர் வளர்த்தெடுத்தது. பவர்பிசி சிப்புகளோடு நின்றிருந்த வரை பிபிசிபூட் என்று பெயர். மற்ற சிப்புகளுக்கும் பரவியபோது, 2002இல், யூ-பூட் ஆனது. ஜெர்மன் மொழியில் அதற்கு நீர்மூழ்கிக் கப்பல் என்றும் பொருள். டெங்க் 2022இல் காலமானார். அவர் பெயரையே கேட்டிராத கோடிக்கணக்கான வீடுகளில், ரவுட்டர்களுக்குள் அந்தக் கப்பல் இன்றும் மூழ்கியிருக்கிறது.

எனக்கு வந்த வேலை சின்னது. ஒரு பழைய போர்டின் நெட்வொர்க் டிரைவரைப் புதிய யூ-பூட்டில் சேர்க்க வேண்டும். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் அந்த போர்டுகள் நாற்பது ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் எஸ்டி கார்டு கிடையாது. கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றும் ஆலையின் சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாகக் கெர்னலை இழுத்துக்கொள்ளும். சீரியல் கேபிளிலும் இழுக்கலாம். 1,15,200 பாட் வேகத்தில் 8 எம்பி கெர்னல் வந்து சேரப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். நெட்வொர்க்கில் நாலு செகண்ட்.

அந்த நாலு செகண்டில் நடப்பது ஒரு பழங்காலப் பேச்சுவார்த்தை. டிஎஃப்டிபி 1981இல் எழுதப்பட்ட நெறிமுறை. சர்வர் 512 பைட் கொடுக்கும், நாம் "வந்துச்சு" என்போம், அடுத்த 512 வரும். 8 எம்பிக்கு இப்படி 16,000 முறைக்கு மேல். மந்தமான முறைதான். ஆனால் இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் பூட்லோடருக்குள் அடங்குகிறது.

டிரைவர் எழுதுவதும் கேட்பதற்கு எளிது. யூ-பூட் கேட்பது முக்கியமாக ஐந்து ஃபங்ஷன்கள். தொடங்கு, அனுப்பு, வாங்கு, வாங்கியதை விடுவி, நிறுத்து. லினக்ஸில் பாக்கெட் வந்தால் இன்டரப்ட் அடித்து சிப் நம்மைக் கூப்பிடும். இங்கே அது கிடையாது. "வந்துச்சா? வந்துச்சா?" என்று நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கட்டளை ஒன்று ஓடும் நேரத்தில் மட்டும்தான் நெட்வொர்க்குக்கு உயிர். சும்மா இருக்கும் யூ-பூட்டுக்கு வெளியிலிருந்து பிங் அனுப்பினால் பதிலே வராது.

முதல் இரண்டு நாள் கேபிளோடு பேசும் ஃபி சிப்பைத் தேடுவதில் போனது. 0 முதல் 31 வரை எந்த முகவரியிலும் அது இருக்கலாம். ஆள் இல்லாத முகவரியில் அடையாள எண்ணைக் கேட்டால் எல்லா பிட்டும் ஒன்றாக வரும். 7இல்தான் வேறு பதில் வந்தது. அப்புறம் கேஷ். சிப் மெமரியை நேரடியாகப் படிக்கும். பிராசசர் எழுதியதோ இன்னும் கேஷிலேயே இருக்கும். அதைத் தள்ளிவிடாமல் "அனுப்பு" என்றால் சிப் பழைய குப்பையை அனுப்பிவிடும். வாங்கும்போது தலைகீழ். சிப் புதிதாக எழுதியிருக்கும், பிராசசர் கேஷில் இருக்கும் பழசையே படித்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் இந்த வேலையில் எல்லோரும் கடக்கிற தெருதான்.

இதற்கு நடுவில் ஆலையின் எலக்ட்ரீஷியன் போன் செய்தார். "சார், கரண்ட் போயிட்டு வந்தா ரெண்டு மூணு எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா சரியாயிருதுங்க." எத்தனை நாளாக என்று கேட்டேன். "வெச்ச நாள்ல இருந்தே அப்படித்தானுங்க. நாங்களே போய்ப் போய் ஆன் பண்ணிக்கிறோம்." போர்டு மோசம் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். என் மேஜையில் இருந்த ஒற்றை போர்டோ, பழைய யூ-பூட்டிலும் நூறு தடவை எழுந்தது. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பழைய டிரைவரைக் கடைசி வரை படித்தபோது விஷயம் புரிந்தது. சிப் தயாரித்தவர்கள் கொடுத்த கோட் அது. அதன் 'நிறுத்து' ஃபங்ஷன் அனுப்புவதை மட்டும் நிறுத்துகிறது. வாங்குவது திறந்தே கிடக்கிறது. யூ-பூட் போய்விட்டது, அதன் இடத்தில் கெர்னல் குடியேறிவிட்டது. சிப்புக்கு இது எதுவும் தெரியாது. யாராவது பிராட்காஸ்ட் அனுப்பினால், பழைய விலாசத்திலேயே கொண்டுபோய் எழுதும். அங்கே இப்போது கெர்னல் எதை வைத்திருந்தாலும் அது காலி.

மேஜையில் தனியாக இருக்கும் போர்டிடம் யாரும் பேசுவதில்லை. ஆலையில் கரண்ட் வந்ததும் நாற்பது போர்டுகள் ஒரே நேரத்தில் "எனக்கு முகவரி கொடு", "சர்வர் யாரு" என்று கூவும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிப்பிடம் நாலு பாக்கெட்டுக்குத்தான் இடம் இருந்தது. கூச்சல் அதிகமானால் கெர்னல் குடியேறுவதற்கு முன்பே நாலும் நிறைந்து, சிப் தானாக நின்றுவிடும். கூச்சலே இல்லாவிட்டாலும் ஆபத்தில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் ஆபத்து. நாற்பதில் இரண்டு மூன்று மட்டும் விழுந்ததற்கு அதுதான் காரணம்.

லேப்டாப்பிலிருந்து செகண்டுக்கு ஒன்று வீதம் பிராட்காஸ்ட் விட்டேன். ஒன்பதாவது தடவை போர்டு உறைந்தது. ஜேடேக் போட்டு மெமரியைப் பார்த்தால், கெர்னலின் இடத்துக்கு நடுவில் ஆறு எஃப்எஃப், அதன்பின் என் லேப்டாப்பின் முகவரி, அதன்பின் 0806. யாரோ யாரையோ விசாரித்த ஒரு சாதாரண ஏஆர்பி கேள்வி. அது தப்பான வீட்டுக்குள் நுழைந்து படுத்திருந்தது.

புதிய டிரைவரில் 'நிறுத்து' பன்னிரண்டு வரி. வாங்குவதை நிறுத்தச் சொல்வதற்கு ஒரு வரி போதும். ஆனால் சொன்ன அந்தக் கணத்தில் பாதி பாக்கெட் உள்ளே வந்துகொண்டிருக்கலாம். அதனால் மற்ற வரிகளில் பெரும்பாலானவை ஸ்டேட்டஸ் பிட்டைப் பார்த்து, "நின்னுடுச்சா? நின்னுடுச்சா?" என்று கேட்கின்றன. ஆம் என்று பதில் வந்த பிறகுதான் யூ-பூட் இடத்தைக் காலி செய்கிறது.

இப்போது கரண்ட் போய் வந்தால் நாற்பதும் எழுந்துகொள்கின்றன. அதன்பின் எலக்ட்ரீஷியனிடமிருந்து போன் வரவில்லை.