காசுக்கு ஒரு குழி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், மேலகரத்தைத் தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ஆவணி மாதச் சாரல். பட்டறைக்குள் நுழைந்தபோது ஆசாரி, "தலையைத் துவட்டிட்டு உக்காருங்க. ஈரத்தோட மரத்தைத் தொட்டுராதிய" என்றார்.

உடன் வந்த நண்பர் காசு சேகரிப்பவர். பல வருடம் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்திருந்த செப்புக் காசுகளில் பச்சைப் பிசுக்கு படிந்துவிட்டது. மலிவான பி.வி.சி. உறை நாளாக ஆக இளகி, செம்பை அரிக்கும் என்பது அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பிறகு ஒரு படத்தைத் தேடி எடுத்து வந்து ஆசாரியிடம் கொடுத்திருந்தார்.

அது பதினைந்தாம் லூயி மன்னருக்காக 1739இல் கோத்ரோ என்ற தச்சர் வெர்சாய் அரண்மனைக்குச் செய்த காசுப் பெட்டகம். பிரெஞ்சில் இதற்கு 'மெதாய்யே' என்று பெயர். வெளியே பொன்முலாம் பூசிய வெண்கல வேலைப்பாடு. இந்த வகைப் பெட்டகத்தின் உயிர் உள்ளே இருக்கிறது: விரல் கனத்தில் தட்டுத் தட்டாக டிராயர்கள், காசோ பதக்கமோ புரளாமல் உட்கார அவற்றில் இடங்கள்.

"பூவேலை நமக்கு வேண்டாம். தட்டு மட்டும் போதும்" என்று நண்பர் சொல்ல, ஆசாரி சிரித்தார். "பூவேலைன்னா பத்து நாள்ல முடிச்சிருவேன். தட்டுதான் சார் கஷ்டம்."

கூட்டுக்கு, இடித்த வீட்டு உத்தரத் தேக்கு. தட்டுகளுக்கு மகாகனி. ஓக் மரம் கசியவிடும் அமிலம் ஈயக் காசையும் வெண்கலத்தையும் கெடுக்கும் என்பதால் மேல்நாட்டுச் சேகரிப்பாளர்களும் மகாகனியைத்தான் நாடுகிறார்கள். ஆசாரி ஒரு பலகையைத் திருப்பி ரேகையைக் காட்டினார். "மரம் நீளத்துல நீளாது. அகலத்துலதான் உப்பும். ரேகை பாக்காம வெட்டினா சாரலுக்குச் சிக்கிக்கிடும்."

நண்பர் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார்: உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பழைய மரப்பலகை, வரிசை வரிசையாக நூறு குழிகள். திருவிதாங்கூர்ச் சக்கரப் பலகை. இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை மலையாளச் சீமையோடு இருந்த ஊர். அந்தச் சமஸ்தானத்தில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். வெள்ளிச் சக்கரம் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அரை கிராம்கூட இராது. கையால் எண்ணினால் பொழுது விடிந்துவிடும். ஒரு கை அள்ளிப் பலகையில் கொட்டி, ஆட்டி, மிச்சத்தை வழித்துவிட்டால் குழிக்கு ஒன்றாக நூறு நிற்கும்.

வெர்சாய் படத்தை ஒரு தடவை பார்த்து வைத்த ஆசாரி, பலகையைக் கீழே வைக்கவே இல்லை. சுண்டுவிரல் நகத்தைக் குழியில் விட்டுப் பார்த்தார். "ஆழத்தைப் பாத்தியளா? ஒரு காசு உக்காரும். மேல ரெண்டாவது ஏறினா வழுக்கிரும். நூறுலயும் ஒரே ஆழம். டிரில் மெஷின் இல்லாத காலத்துல!"

அரசனின் தட்டில் காசு நிலையாகக் குடியிருந்தது. கஜானா கணக்கனின் பலகையிலோ நொடிக்கொரு முறை வந்து போனது. இரண்டு இடத்திலும் தச்சன் செய்தது ஒன்றுதான்: காசுக்கு ஒரு குழி.

பையன் ஒருவன் புதுத் தட்டின் குழிகளுக்குள் உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆசாரி ஒரு தட்டை வாங்கி, ஓரத்தில் மெழுகு தடவிக் கூட்டில் ஏற்றினார்.

"மழைக்காலத்துல போய் இந்த வேலையை எடுத்தியளே?" என்றேன்.

"இப்பத்தான் எடுக்கணும். மரம் முழுசா உப்பி நிக்குது. இப்ப ஓடுச்சுன்னா வருசம் பூரா ஓடும். பங்குனியில இழைச்சுக் கொடுத்தா அடுத்த சாரலுக்கு என்னைத் திட்டுவிய."

சொல்லிக்கொண்டே மேல் தட்டைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினார். கூட்டுக்குள் அடைபட்ட காற்றுக்குப் போக வழியில்லை. கீழ்த்தட்டு தானாக ஓர் அங்குலம் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. ஆசாரி எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இழைப்புளியைத் துடைத்து உறையில் போட்டார்.