பெட்டியின் அளவு

மதுரங்குளியிலிருந்து நம் வீட்டு நாயை மிருக வைத்தியரிடம் கொண்டுபோகப் பெட்டி ஒன்று தேவைப்பட்டது. கிடந்த மீன்பெட்டியே போதுமென எண்ணினோம். நாய் உள்ளே தலை குனிந்து நின்றது. திரும்ப முயன்று தோற்றது. சிக்கனம் நம்முடையது, குனிவோ அதனுடையது!

தச்சரை அழைத்து, விமானப் பயணத்துக்கு வகுத்த கணக்கைச் சொன்னோம். மூக்கிலிருந்து வாலின் அடிவரையுள்ள நீளத்துடன் முன்னங்கால் முட்டியின் உயரத்தில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். தோள் அகலத்தின் இருமடங்கு, பெட்டியின் அகலம். நிமிர்ந்து நிற்கையில் தலையோ காதோ எட்டுமளவு உயரம்.

அளவெடுக்கையில் லைக்காவை நினைத்தோம். 1957 நவம்பர் 3ஆம் திகதி சோவியத் நாடு அதனை விண்ணுக்கு அனுப்பியபோது முற்போக்காளர் உலகெங்கும் மகிழ்ந்தனர். ஆனால், படிப்படியாகச் சிறுத்த கூண்டுகளில் அடைத்தே அதனைப் பழக்கியிருந்தனர். விண்கலத்தில் அது நிற்கலாம், படுக்கலாம், திரும்ப இயலாது. சில மணி நேரத்திலேயே வெப்பத்தால் மாண்டதென்ற உண்மை 2002இல்தான் வெளிவந்தது. அதனைப் பழக்கிய விஞ்ஞானி ஒலேக் கசென்கோவே 1998இல் வருந்தினார்.

புதிய பெட்டியில் நம் நாய் ஒருமுறை சுழன்று, காலை நீட்டிப் படுத்தது. பெட்டிக்கேற்ப உயிரைச் சுருக்குவது, நாம் நேசிக்கும் கொடியின் கீழ் நடந்தாலும் தவறே. உயிரை அளந்தே பெட்டி செய்தல் வேண்டும்.