பாம்புக்கு எத்தனை டிகிரி?

பாம்பைக் குளிர்ந்த குருதிப் பிராணி என்று பள்ளி நூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. அச்சொல் முற்றிலும் சரியன்று. வெயிலில் கிடந்தெழுந்த சாரைப் பாம்பின் குருதி ஏறக்குறைய நமது குருதியளவுக்கே சூடாயிருக்கக் கூடும். உண்மை யாதெனில், நாம் உண்ணும் உணவில் பெரும்பகுதியைச் செலவிட்டு உடலை 37 டிகிரியில் நிறுத்திக் கொள்கிறோம். பாம்போ அச்செலவைச் செய்வதில்லை. வேண்டிய சூட்டை வெயிலிடமும் பாறையிடமும் கடனாகப் பெற்றுக்கொள்கிறது. சூடு மிகுந்தால் நிழலுக்கோ வளைக்கோ போய்விடுகிறது. அதனால்தான் சிற்றுணவைக்கொண்டே அது நெடுநாள் உயிர்வாழ்கிறது.

இப்படி இடம் மாறும் உரிமையைப் பறித்து அதை ஒரு பெட்டியில் அடைத்தால் என்னாகும்? இக்கேள்வியோடு மல்லசமுத்திரத்துத் தாயொருவர் சென்ற சித்திரையில் நம்மிடம் வந்தார். "சாமி, எம் பையன் பெங்களூர்ல இருந்து பாம்பைக் கொண்டாந்து வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டானுங்க. மூணு வாரமா ஒண்ணும் திங்க மாட்டேங்குதுங்க. எனக்கு அதைக் கண்டாலே நடுக்கம். ஆனா செத்துப்போச்சுன்னா பாவம் நம்ம தலையிலதானுங்களே?" என்றார். அச்சமும் இரக்கமும் ஒரே மூச்சில் வந்தன.

சென்று பார்த்தோம். சிமெண்டு அட்டைக் கூரை. அடுத்த அறையில் விசைத்தறி இரைச்சல். மேற்குச் சன்னலோரம் கண்ணாடிப் பெட்டி. அதனுள் 'பால் பைத்தான்' எனப்படும் மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு. அஞ்சும்போது பந்தாகச் சுருண்டு கொள்வதால் அப்பெயர். அது தண்ணீர்க் கிண்ணத்துக்குள் தன்னைத் திணித்துக்கொண்டு கிடந்தது. பள்ளி ஆய்வகத்திலிருந்து வெப்பமானி ஒன்றை வரவழைத்துப் பெட்டிக்குள் வைத்தோம். (காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு உதவாது.) ஒரு கோடியில் 38 டிகிரி, மறுகோடியில் 36. மேலே ஒரு மின்விளக்கு பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது! பெங்களூர்க் குளிருக்காக மகன் அமைத்த ஏற்பாடு; ஊர் மாறியும் விளக்கை மாற்ற எவருக்கும் தோன்றவில்லை.

இவ்வினப் பாம்பு பல வாரங்கள் உண்ணாதிருப்பது புதுமையன்று; பட்டினியைக் குறித்து நாம் அஞ்சவில்லை. ஒதுங்குவதற்குக் குளிர்ந்த மூலை ஒன்றுகூட இல்லை என்பதே நம்மை அச்சுறுத்தியது. பாம்புக்கு இன்ன டிகிரி என ஒற்றை எண் கிடையாது. பெட்டியின் ஒரு கோடி 32 டிகிரியளவும், மறுகோடி 26 டிகிரியளவும் இருத்தல் வேண்டும்; எங்கு கிடப்பது என்பதைப் பாம்பே முடிவு செய்துகொள்ளும். இரை விழுங்கியபின் சூட்டை நாடும். அப்போது சூடு கிட்டாவிடில் இரை செரியாமல் வயிற்றில் அழுகும். பாம்பு அதைக் கக்கிவிடும். சூடு மிகுந்தாலோ சாவு விரைந்து வரும். விளக்குக்குக் கம்பிவலைக் கூண்டு வேண்டும். சூடான பொருளின்மேல் பாம்பு விலகாமல் படுத்து வெந்துபோவதுண்டு. குறித்த அளவை எட்டியதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 'தெர்மோஸ்டாட்' கருவி இன்றியமையாதது. வெப்பமானியையும் கூரைப்பக்கம் மாட்டாமல், பாம்பு கிடக்கும் மட்டத்தில், இரு கோடியிலும் வைத்தல் வேண்டும்.

பாம்பைச் சிறிது காலம் அடைத்து வைப்பதில் கைதேர்ந்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கருகே வடநெம்மேலியில் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை மண்பானைகளில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். பானைக்குள் வளையைப்போல் இருட்டு; துணிவழியே காற்று; மண்சுவர் சட்டென்று சூடேறுவதுமில்லை. நஞ்செடுத்தபின் சில வாரங்களில் அவற்றைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கண்ணாடிப் பெட்டியைவிட அந்தப் பானையே நமக்கு அறிவுடைய பொருளாகப் படுகிறது.

இளைஞர்களுக்கு ஒரு சொல். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலிலுள்ள அயல்நாட்டுப் பாம்பாயின், 2024-இல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். மகனிடம் தொலைபேசியில் நாம் முதலில் கேட்டது இதைத்தான், சான்றை அனுப்பினான். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணியொருவரின் பெட்டிகளில் 22 பாம்புகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்தார் கைப்பற்றினர். பெட்டிக்குள் திணிக்கப்பட்ட அவ்வுயிர்களுக்குச் சூடான கோடி ஏது, குளிர்ந்த கோடி ஏது?

விளக்கை அன்றே அணைக்கச் செய்தோம். ஓடு வேய்ந்த உள்ளறைக்குப் பெட்டி மாறியது. அடுத்த வாரம் மகன் வந்து கருவிகளைப் பொருத்தினான். மின்வெட்டு வந்தால் கோடையில் பெட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு, மார்கழியில் கம்பளி என்று ஏற்பாடு.

ஆடியில் பாம்பு ஒரு எலியை விழுங்கியதாம். செய்தி சொன்னவர் அத்தாயே. அவர் இன்றும் அவ்வறைக்குள் கால் வைப்பதில்லை. வாசற்படியில் நின்றவாறு பேத்தியை வாசிக்கச் சொல்லி, இரு கோடியின் டிகிரிகளையும் நாட்காட்டியில் பால் கணக்குக்குப் பக்கத்தில் காலையும் மாலையும் குறித்து வருகிறார்.